ஆனி கடைசியில வாங்கின கார்டு

கால மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க அண்ணாச்சி. போதும், போதும். இதக் கீழ வைக்க முடியாது, அதான். மேல போடவும் முடியாது. பஸ்ஸு ஒரு தூக்கு தூக்கிப் போட்டா உள்ள இருக்கிறது பூரா கழண்டு போயிரும். மதுர வரைக்கும் மடியிலதான். நீங்களும் மாட்டுத்தாவணியா? நல்லதாப் போச்சு.

டிவி இல்ல. பெட்ஷீட்டுல சுத்தியிருக்கதால எல்லாரும் டிவின்னுதான் கேக்காக. கோவில்பட்டியில ஏறும்போதே கண்டக்டர் பிடிச்சுக்கிட்டான். "லக்கேஜ் போடணும்"ங்கான். மடியில வச்சிருக்கிறதுக்கு எதுக்குய்யா லக்கேஜ், பிள்ளைய மடியில வச்சிருந்தா லக்கேஜ் போடுவியான்னு கேட்டேன். "பிள்ளைக்கு என்ன வயசு?"ங்கான். ஒம்பதுன்னு சொல்லிட்டேன், நெசமாவே இதுக்கு ஒம்பது வயசு. "அப்ப அரை டிக்கெட்டு"ன்னு கிழிச்சுக் குடுத்துட்டான். பாருங்க, பையில இருக்கு.

கம்ப்யூட்டர்தான். வெளையாடுற கம்ப்யூட்டர். சிரிக்காதீக. நாப்பத்தாறு வயசு, பெயிண்ட் கடை வச்சிருக்கேன், ஆவுடையப்பன்னு சொன்னா கோவில்பட்டி மார்க்கெட்டு ரோட்டுல எல்லாருக்கும் தெரியும். ஆமா, வெளையாடுதேன். சாயங்காலம் ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும். மத்தவன் அந்த நேரத்துக்கு டீக்கடையில உக்காந்து அடுத்த வீட்டுக் கதயப் பேசுதான். நான் துப்பாக்கி பிடிக்கேன். யாருக்கு என்ன நட்டம்?

மணி என்ன அண்ணாச்சி? மூணே காலா? சரி. இருக்கு, நேரம் இருக்கு. ஏழு மணிக்குள்ள இது ஓடணும். ஓடலன்னா ஆறு மாசம் கெடையாது. ஆறு மாசம்கிறது சும்மா இல்ல.

சொல்லுதேன். நாலு பேரு ஒரு கூட்டு. ஒரு தீவுல இறக்கி விடுவான். சுத்தி அறுபது எழுவது பேரு நம்மளச் சுட அலையுவான். கடைசி வரைக்கும் எந்தக் கூட்டு உசுரோட நிக்கோ அது ஜெயிச்சுது. நான் ஒருத்தன், காயல்பட்டினத்துல மொகுதூம்னு ஒரு நல்ல மனுசன், கரூர்க்காரன் ஒருத்தன், அவனப் பத்திப் பெறவு சொல்லுதேன், நாலாவது... நாலாவது மதுரையில ஒரு ஆளு. இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் புது சீசன் தொடங்குது. புது ஆட்டம், பழைய மிஷின்ல ஓடாது. ஏழு மணிக்கு நாலு பேரும் உள்ள இருந்து கூட்டப் பதியணும். ஒருத்தன் வரலன்னா அவன் எடத்துல வேற ஆளப் போட்டுக்கிடுவாக. போட்டா ஆறு மாசத்துக்கு மாத்த முடியாது. இதுதான் சங்கதி.

யாரு, இந்த மிஷினயா? நான்தான் சேத்தேன். ஒவ்வொரு சாமானா வாங்கி... சரி, நான் வாங்கினேன். பூட்டினது எந்தம்பி. தளவாய்னு பேரு. அப்ப எங்க வீட்டுலதான் இருந்தான், கல்யாணம் ஆகல. ஒரு ஞாயித்துக்கிழம பூரா தரையில துண்ட விரிச்சு உக்காந்து பூட்டுனான். நான் பக்கத்துல ஸ்க்ரூவ எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தேன். மொத மொத ஃபேன் சுத்துச்சு பாருங்க, ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைக மாதிரி கையத் தட்டுனோம். கோமதி, எம் பொஞ்சாதி, அடுப்பங்கரையில இருந்து ஓடி வந்து என்னமோ ஏதோன்னு பாத்தா.

பெறவு அவனுக்கு மதுரையில ஒரு காலேஜுல வேல. லேப்பு பூரா இவன் பொறுப்பு. கல்யாணம் ஆச்சு, நாந்தான் முன்ன நின்னு செஞ்சு வச்சேன். அப்பா இல்ல பாருங்க. அப்பா எடத்துல நாந்தான்.

இப்பப் பேச்சு கெடயாது. மூணு வருசம் ஆகுது.

ஏ தாயீ, சாயாதம்மா, இதுமேல சாயாத. உள்ள கண்ணாடி மாதிரி சாமான் இருக்கு. அந்தக் கம்பியப் பிடிச்சுக்க.

என்ன சொன்னேன்? ஆங். மதுரையில வீடு கெட்டுனான். ஆனையூர்ல. பால்காய்ப்புக்குப் பத்திரிக்க கொண்டாந்தான், தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் எல்லாம் வச்சு, மொறையாத்தான். நான் பத்திரிக்கயப் பிரிக்கேன். அழைக்கிறவங்க பேரு போட்டிருக்குல்ல, அங்க மாமனார் பேரு இருக்கு. மச்சினன் பேரு இருக்கு, இஞ்சினியர்னு பட்டத்தோட இருக்கு. எம் பேரு எங்க? கீழ பாத்தேன். பின்னால திருப்பிப் பாத்தேன். பொஞ்சாதி வழிச் சித்தப்பன் பேரு வரைக்கும் இருக்கு. அப்பா எடத்துல நிக்கிறவன் பேரு இல்ல. அச்சாபீசுல விட்டுட்டான், நான் எழுதிக் குடுத்தேன் அண்ணேங்கான். எழுதிக் குடுத்தா எப்டி விடும்? மத்த பேரு எல்லாம் விடலியே? எனக்கு மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. தாம்பாளத்த அப்டியே திருப்பி அவன் பக்கம் தள்ளுனேன். எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.

நாலு நாள் கழிச்சுத் திரும்ப வந்தான். முந்நூறு பத்திரிக்கயயும் புதுசா அடிச்சுட்டு வந்திருக்கான். எம் பேரு மொத வரியில, தடிச்ச எழுத்துல. கோமதி கொண்டாந்து காட்டுனா. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, இது நியாயமா? மொதல்ல விட்டுட்டுப் பெறவு சொருவுனா நான் என்ன திருத்தமா? பிழை திருத்தம்னு பேப்பர்ல போடுவானே, அதா நான்? கடைக்குப் போயிட்டாகன்னு சொல்லு அவங்கிட்டன்னு கோமதிகிட்ட சொல்லிட்டு உள் ரூம்புல உக்காந்துட்டேன். செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. பாத்திருப்பான். பாத்துட்டு அர மணி நேரம் உக்காந்துதான் போனான்.

என்ன, அந்தப் பக்கம் திரும்பிட்டீக? சரி, சரி. வெளியாளுக்கு இது புரியாது.

பால்காய்ப்புக்கு நான் போகல. கோமதியயும் விடல. அன்னைக்கு வழக்கத்த விட முன்னால கடையத் தொறந்து உக்காந்திருந்தேன். ஒருத்தன் வந்து வெள்ள சுண்ணாம்பு கேட்டான், நான் மஞ்சளக் கெட்டிக் குடுத்திருக்கேன். சாயங்காலம் ஏழு மணி ஆச்சு. கை பழக்கம் பாருங்க, தானாப் போயி இதப் போட்டுட்டேன். ஹெட்செட்ட மாட்டுதேன், உள்ள இருக்கான். அவன்தான், தளவாய். புது வீட்டுல மொத நாளு, வீடு நெறய விருந்தாளி, மாமியார் வீட்டு ஆளுக எல்லாம் வந்திருப்பாக, இவன் ஒரு மூலையில கம்ப்யூட்டரத் தொறந்து வச்சு ஆட வந்து உக்காந்திருக்கான்! பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா ஒரு மனுசனுக்கு?

நானும் கழட்டல, அவனும் போகல. பெறவு, "அண்ணே, தெக்க பாற மறவுல ஒருத்தன் நிக்கான்"ன்னான். நான் சுட்டேன். அவ்வளவுதான். அன்னையில இருந்து அதுதான் வழக்கம். ஆட்டத்துக்குள்ள ஆட்டத்துப் பேச்சு. வலது, எடது, குண்டு இருக்கா, வண்டியில ஏறு. ஒம்பது மணிக்குக் கழட்டி வச்சா அவன் யாரோ நான் யாரோ. அதப் பேச்சுன்னு சொல்ல முடியாதுல்ல? ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்ல, நல்லது கெட்டது இல்ல, போன் இல்ல. அண்ணேன்னு கூப்புடுதானேன்னு கேப்பீக. மொகுதூமும் அண்ணேன்னுதான் கூப்புடுதாரு. அது ஆட்டத்துல நமக்கு வச்ச பேரு மாதிரி.

வெள்ளரிக்கா வேணுமா அண்ணாச்சி? சாத்தூர் வந்துட்டா இவுக தொல்ல. எனக்கு வேண்டாம், கை ரெண்டும் இதுல இருக்கு. எத்தன மணி? இன்னும் சாத்தூரே தாண்டலயா? இந்த டிரைவர் மாட்டு வண்டி ஓட்டுனவனா?

போன வருசத்துல இருந்தே இதுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. நான் சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சிட்டேன்னு நெனைப்பேன். என் ஸ்கிரீன்ல ஒளிஞ்சிருப்பேன். அங்க, மத்தவன் ஸ்கிரீன்ல, இன்னும் நடு ரோட்டுல நிப்பேன். சுட்டுத் தள்ளிருவான். செத்த பெறவுதான் எனக்கு அவன் மூஞ்சியே தெரியும். ஆட்டத்துல விழுந்த ஆளத் தூக்கி விடலாம். பக்கத்துல பத்து செகண்டு குனிஞ்சு உக்காரணும், அந்தப் பத்து செகண்டும் குண்டு வரும். தளவாய் ஒவ்வொரு தடவையும் வந்து குனியுவான். நான் கேக்கல. ஒரு தடவ கூட வாடான்னு கூப்புடல. அவனா வருவான். என்னயத் தூக்கி விட்டுட்டு அவன் விழுவான். பாதி நாள் அப்டித்தான் தோத்தோம். பெரிய தியாகின்னு நாலு பேருக்குக் காட்டணும்ல அவனுக்கு.

கரூர்க்காரன் ஒரு நாள் சொல்லிட்டான். "அண்ணன் மிஷின் செத்துப் போச்சு, வேற ஆளு பாப்போம்"னுட்டான். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அவனுக்குத் தெரியல. தளவாய் ஒடனே, "அண்ணன் இல்லன்னா நானும் இல்ல"ன்னான். நான் சட்டுன்னு ஹெட்செட்டக் கழட்டி மேசையில வச்சுட்டேன். எனக்காகப் பரிஞ்சு பேச இவன் யாரு? பத்திரிக்கயில பேசியிருக்கணும் அத.

கண்ணு வேர்க்குது பாருங்க, சன்னலச் சாத்தியே வச்சிருக்காக.

அப்பத்தான் இந்தப் புது சீசன் அறிவிப்பு வந்துச்சு. சரி, மாத்திற வேண்டியதுதான்னு முடிவு பண்ணேன். எப்ப மாத்துறது, எப்டி மாத்துறது, அதுதான் கேள்வி. கடையில கேட்டா பழசத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்காங்க. தூக்கிப் போட எனக்கு மனசு வரல. ஏன்னு கேக்காதீக. நல்ல கேபினட்டு, இரும்பு, இப்ப வாறதெல்லாம் தகரம்.

ஒரு நாள் மொகுதூம் போன் பண்ணாரு. "அண்ணே, தளவாய் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மிஷினுக்கு மொதல்ல எஸ்.எம்.பி.எஸ். மாத்தணுமாம். அது மாத்தாம வேற எதையும் தொடக் கூடாதாம். பெறவு ரேம். கடைசியாத்தான் கிராபிக்ஸ் கார்டாம்." எஸ்.எம்.பி.எஸ்.னா அண்ணாச்சி, உள்ள ஒரு தகரப் பொட்டி இருக்கும், கரண்ட எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிறது அதுதான். கார்டுங்கிறது படத்தக் காட்டுறது. பெரிய கார்டு போட்டா கரண்டு நெறயா இழுக்கும். அப்ப ரொம்பப் பழைய பொட்டி தாங்காதுங்கான். வெவரம் எனக்குப் புரியுது. ஆனா அத எங்கிட்ட நேரா சொல்லக் கூடாதா? ஆட்டத்துல தெனம் ரெண்டு மணி நேரம் காதுக்குள்ள இருக்கான். காயல்பட்டினத்துக்குச் சொல்லி, அங்க இருந்து கோவில்பட்டிக்கு வரணுமா? அவன் சொன்னாங்கிறதுக்காகவே எனக்கு அது பிடிக்கல. மொதல்ல எஸ்.எம்.பி.எஸ். வேணுமா, கார்டு வேணுமான்னு முடிவு பண்ண வேண்டியது நானு. எம் மிஷினு.

இதுல கோமதி வேற. "ஆடி பொறந்துட்டா புதுச் சாமான் எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது"ன்னுட்டா. இது புதுச் சாமான் இல்லடி, பழைய சாமான்ல ஒரு உறுப்ப மாத்துதேன், அவ்வளவுதான்னேன். "பழைய வீட்டுக்குப் புது வாசல் நெல வைக்கிறதுன்னா ஆடியில வைப்பீகளா?"ன்னு கேக்கா. ஆனிக்கு ஒரே ஒரு நாள் மிச்சம். மூணு சாமானையும் அன்னைக்கே வாங்க ஊருல ஸ்டாக் இல்ல. கார்டு மட்டும்தான் இருந்துச்சு. எஸ்.எம்.பி.எஸ். மதுரையில இருந்து வரணும், நாலு நாள் ஆகும், ஆடி பொறந்துரும்ன்னான் கடைக்காரன். வாங்கிட்டேன். ஆனி கடைசி நாள், சாயங்காலம் நாலர மணிக்கு, ராகு காலமும் இல்ல எமகண்டமும் இல்ல, கார்டு வீட்டுக்கு வந்துருச்சு. நானே பூட்டுனேன். ஒம்பது வருசம் முன்னால ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தவன்தானே, தெரியாதா?

ஓடுச்சு அண்ணாச்சி! சும்மா சொல்லக் கூடாது, தண்ணி மாதிரி ஓடுச்சு. தீவுல புல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா ஆடுது. சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சா நெசமாவே ஒளிஞ்சிருக்கேன். மொத நாளே ஏழு பேரச் சுட்டேன். "அண்ணே, என்ன இது, மாத்திட்டீகளா?"ன்னு கரூர்க்காரன் வாயப் பொளக்கான். தளவாய் மட்டும் கேட்டான், "எஸ்.எம்.பி.எஸ்.?"ன்னு. ஒத்த வார்த்த. அது ஆட்டத்துப் பேச்சு இல்ல பாருங்க. நான் அடுத்தவனக் குறி பாக்க ஆரம்பிச்சுட்டேன்.

ஒரு வாரம் ஓடுச்சு. வெசாழக்கெழம சாயங்காலம் ஏழே கால் இருக்கும். மலை ஏறிக்கிட்டு இருக்கோம், நாலு பேரும். தளவாய் முன்னால போறான். "அண்ணே, பின்னால பாருங்க"ன்னான். நான் திரும்புதேன், டப்புன்னு ஒரு சத்தம். ஆட்டத்துலன்னு நெனச்சேன். பாத்தா ரூம்பு பூரா கருகுன நாத்தம், ஸ்கிரீன் இருட்டு. ஹெட்செட்டுல ஒண்ணும் இல்ல. அவன் பாதி வார்த்தையில நின்னு போயிட்டான்.

உள்ளூர்க் கடைக்காரன் வந்து மோந்து பாத்துட்டு, எஸ்.எம்.பி.எஸ். போச்சு, போர்டயும் சேத்துக் கொண்டு போயிருக்கலாம், கடைக்குக் கொண்டாந்து குடுங்க, பத்து நாளுல சொல்லுதேன்ங்கான். பத்து நாளு! ஆனிக்குள்ள வாங்கணும்னு நாந்தான சொன்னேன்னு கோமதி போயி மூலையில உக்காந்துட்டா. அவ மேலயும் தப்பு இல்ல. தளவாய் சொன்னத அவகிட்ட நான் சொல்லவே இல்லயே.

வெள்ளி, சனி, ரெண்டு நாள். ஏழு மணி ஆகுது, நாற்காலியில போயி உக்காருதேன். எதுத்தாப்புல இருட்டு ஸ்கிரீன். உக்காந்து என்ன செய்ய? எந்திரிச்சு வாசலுக்கு வாறேன். திரும்பப் போயி உக்காருதேன். கோமதி சோத்தப் போட்டு வச்சுட்டுக் கூப்புடுதா, நான் போகல. அண்ணாச்சி, ஒங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. எனக்கு அந்தத் தீவும் வேண்டாம் துப்பாக்கியும் வேண்டாம். தெனம் ரெண்டு மணி நேரம் அவன் குரல் காதுல விழும். சளி பிடிச்சிருந்தா தெரியும். பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லன்னா, பின்னால அழுகுற சத்தம் கேக்கும். நடக்கப் பழகும்போது கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. அந்தப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல. ரெண்டு வயசு ஆகப் போகுது. இந்த ஏழு மணி விட்டுப் போச்சுன்னா ஆறு மாசம். ஆறு மாசத்துல கரூர்க்காரன் கொண்டாந்து விடுற எவனோ ஒருத்தன் அவங்கூட மலை ஏறிக்கிட்டு இருப்பான். பெறவு எனக்கு எந்தச் சாக்கும் கெடயாது.

நேத்து மொகுதூம் போன் பண்ணாரு. "தளவாய் கேக்காரு, அண்ணனுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"ன்னாரு. ஒண்ணும் இல்ல, கடையில வேலன்னு சொல்லுன்னேன். வீம்பு. கோமதி அப்டித்தான் சொல்லுவா. "ஒங்க வீம்பப் பொட்டியில போட்டுப் பூட்டுங்க"ம்பா.

இது என்னது, ஏன் நிக்குது? என்ன கூட்டம்? அடடா, ஆடி ஞாயிறு. அம்மன் ஊர்வலமா? ஏப்பா டிரைவர், ஓரமா விட்டுப் போகக் கூடாதா? எவ்வளவு நேரம் நிக்கும்? மணி பாருங்க அண்ணாச்சி. அஞ்சா? இப்பத்தான் திருமங்கலமா? போச்சு. தாயே, எல்லாருக்கும் நல்லது செய்யி, கொஞ்சம் வழியும் விடு.

எந்தக் கடைக்கா? டவுன்ல ஒரு கடை... கடை பேரு... இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா? ஆமா. கடை இருக்காதா? கம்ப்யூட்டர்க் கடை தெரு பூராவுமே அடைப்பா? தெரியும், எனக்குத் தெரியும் அண்ணாச்சி. வீட்டுல இருந்து கெளம்பும்போதே தெரியும். கோமதிக்கும் தெரியும். அவதான் பெட்ஷீட்ட எடுத்துச் சுத்திக் குடுத்தா. எந்தக் கடைன்னு அவ ஒரு வார்த்த கேக்கல. இந்தா, வாசல் வரைக்கும் வந்து ஒரு பையக் குடுத்தா, பாருங்க, உள்ள கொலுசு. பிள்ளைக்காம். நான் ஒண்ணும் கேக்கல அவகிட்ட.

நகருதா? நகருது. அப்பாடா.

இன்னும் எவ்வளவு, இருவது நிமிசமா? அண்ணாச்சி, ஒரு ஒதவி. முடியாதுன்னு சொல்லிறாதீக. ஒங்க போன்ல ஒரு நம்பர் போடணும். எம் போன்ல போட்டா எம் பேரு விழும். நம்பர் நான் சொல்லுதேன், மனப்பாடம். எப்டி மனப்பாடம்னா... மனப்பாடம்தான். போடுங்க. எடுத்தா, ஆனையூர் தளவாயான்னு கேளுங்க. கோவில்பட்டியில இருந்து ஒரு கம்ப்யூட்டர் வந்துக்கிட்டு இருக்கு, ரிப்பேரு, அவசரம், பாத்துத் தர முடியுமான்னு கேளுங்க. எம் பேரச் சொல்லாதீக.

எடுத்துட்டானா? ம், சொல்லுங்க... என்ன கேக்கான்? எத்தன வருசத்து மிஷினா? ஒம்பதுன்னு சொல்லுங்க. ... என்னது? கேபினட்டுல எடது பக்கம் ஓரமா வெள்ளப் பெயிண்ட் சிந்தியிருக்கான்னு கேக்கானா? இருங்க. பெட்ஷீட்ட வெலக்குதேன். இருக்கு. இருக்குன்னு சொல்லுங்க. எங்கடைப் பெயிண்டு அது.

லைன்ல இருக்கானா? ... ஆங், என்னங்கான்? எஸ்.எம்.பி.எஸ். மாத்தாம கார்டு போட்டாகளான்னா? ம். போட்டாகன்னு சொல்லுங்க. தெரியாம போட்டுட்டாகன்னு... இல்ல, தெரிஞ்சுதான் போட்டாகன்னு சொல்லுங்க. சிரிக்கானா? சிரிக்கலயா. சரி.

என்ன, அவன் வீட்டுலயே புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி வச்சிருக்கானா? எப்ப? மொகுதூம்கிட்ட சொல்லிவிட்ட அன்னைக்கேவா? இதுக்கு ஏத்ததா? ... பாருங்க அண்ணாச்சி. பாருங்க அவன. வாங்கி வச்சுட்டுச் சும்மா இருந்திருக்கான். குடுத்தா நான் வாங்க மாட்டேன்னு இருந்திருக்கான். வாங்கியிருக்க மாட்டேன்தான்.

அவன பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுங்க. பொட்டிய வாங்கிட்டுப் போகட்டும், நான் அங்கயே ஒரு டீக்கடையில இருந்துக்கிடுதேன். சரி பண்ணிக் கொண்டாந்து குடுக்கட்டும். ... என்னங்கான்? மாட்டானா? பொட்டிய மட்டும் வாங்க மாட்டானா? ஆளும் வரணுமா? பொட்டியக் கொண்டாந்த ஆளு வீட்டுக்குள்ள வந்து, உக்காந்து, சாப்பிட்டாத்தான் ஸ்க்ரூவத் தொடுவானா? எவ்வளவு திமிரு பாத்தீகளா! ஏழு மணிக்கு ஆட்டம், ஆறு ஆகப் போகுது, எங்கிட்ட பேரம் பேசுதான்! கழுத்துல கத்திய வச்ச மாதிரி! முடியாதுன்னு சொல்லுங்க. வையுங்க போன. வச்சுருங்க.

வைக்காதீக. வைக்காதீக அண்ணாச்சி. இருங்க.

மாட்டுத்தாவணியில எறங்கி ஆனையூருக்கு எந்த பஸ்ல ஏறணும்னு கேளுங்க. எந்த ஸ்டாப்புன்னு கேளுங்க. எனக்குத் தெரியாது. கூடப் பெறந்தவன் வீட்டுக்கு வழி தெரியாது எனக்கு. நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.

என்ன? சொல்ல மாட்டானா? கேக்க வேண்டிய ஆளு கேட்டாத்தான் சொல்லுவானா? அழுகுதானா? இல்ல, அந்தப் பிள்ளையா?

குடுங்க. இத ஒரு நிமிசம் பிடிச்சுக்கிடுங்க, ரெண்டு கையாலயும். போனக் குடுங்க.

தளவாய். நான்தாம்லே. ஒன் வீட்டுக்கு எந்த பஸ்ல ஏறணும்?